கீழ்ச்சுவரில் மட்டும் ரத்த ஓட்டம் 5.2: ரூபிடியம் பெட் ஸ்கேனில் இதய அசைவு செய்யும் வேலை

கேள்வி இதுதான். ரெகாடினோசன் (கரோனரிக் குழாய்களை விரிக்கும் மருந்து) கொடுத்து எடுத்த ரூபிடியம்-82 பெட் ஸ்கேனில் (கதிரியக்க டிரேசரை ரத்தத்தில் செலுத்தி, இதயத் தசையில் அது சேர்வதைப் படமெடுப்பது), ஸ்ட்ரெஸ் ரத்த ஓட்டம், அதாவது மருந்து தூண்டிய ஓட்டம், எல்.ஏ.டி. (முன்சுவருக்கான குழாய்), சர்க்கம்ஃப்ளெக்ஸ் (பக்கச்சுவருக்கானது) பகுதிகளில் ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 2.4 மி.லி. என்றும் ஆர்.சி.ஏ. (கீழ்ச்சுவருக்கான வலது கரோனரி) பகுதியில் மட்டும் 5.2 என்றும் வந்திருக்கிறது. ரெஸ்ட் (ஓய்வு நிலை) ஓட்டம் எல்லா இடத்திலும் 0.9-ஐ ஒட்டியே இருக்கிறது. படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. இதயம் அசைந்ததால் இப்படி வருமா? வரும் என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது?

வரும். ஸ்ட்ரெஸ் ஸ்கேனில் ஆர்.சி.ஏ. மட்டும் தனியாக எகிறி நிற்பது அசைவின் கையெழுத்து மாதிரி. மென்பொருளில் எதையும் தொடுவதற்கு முன்பே இதை ஒரு கணக்கு போட்டு உறுதிசெய்யலாம். ரூபிடியத்தைத் தசை உறிஞ்சும் வேகத்தைத்தான் நாம் நேரடியாக அளக்கிறோம், அதுதான் கே1. அதிலிருந்து ரத்த ஓட்டத்தைப் பெறுவதற்கு ரென்கின்–க்ரோன் சமன்பாடு இருக்கிறது. பலர் பயன்படுத்தும் 0.77, 0.63 என்ற மாறிலிகளைப் போட்டால் ஓட்டம் 2.4-க்கு கே1 சுமார் 0.98, ஓட்டம் 5.2-க்கு சுமார் 1.65. அதாவது கீழ்ச்சுவரில் உண்மையிலேயே 5.2 ஓடியிருந்தால், அது மற்ற சுவர்களைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு வேகத்தில் ரூபிடியத்தை இழுத்திருக்க வேண்டும். அப்படியானால் 2 நிமிடத்துக்குப் பிந்தைய சாதாரண அப்டேக் படத்தில் (தசையில் சேர்ந்த டிரேசரின் படம்) கீழ்ச்சுவர்தான் பளிச்சென்று இருக்கும். முன்சுவரும் பக்கச்சுவரும் அதில் 60 சதவீத அளவில், பெரிய குறைபாடு போலத் தெரிந்திருக்கும். தசையிலிருந்து டிரேசர் கழுவிக்கொண்டு போவதைக் கணக்கில் எடுத்தாலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பாது. உங்கள் படத்தில் எல்லாச் சுவரும் சமமாக இருக்கின்றன. அப்டேக் படம் சமம், ஓட்டத்தில் இரண்டு மடங்கு வேறுபாடு: இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இந்த இடத்தில் நம்ப வேண்டியது படத்தைத்தான்.

இனி, ஏன் ஸ்ட்ரெஸ்ஸில், ஏன் கீழ்ச்சுவரில் என்பதைப் பார்ப்போம். ரெகாடினோசன் 0.4 மி.கி. உள்ளே போனதும் நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவார். நுரையீரல் விரிந்து உதரவிதானம் இறங்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் இதயமும் கால்பக்கமாக இறங்கும். மருந்தின் வேகம் தணியத் தணிய, அடுத்த சில நிமிடங்களில் இதயம் மெல்லத் தலைப்பக்கமாக ஏறிப் பழைய இடத்துக்கு வரும். இதை மயோகார்டியல் க்ரீப் என்பார்கள். நோயாளி உடம்பை ஒரு மில்லிமீட்டர்கூட அசைக்காமல் படுத்திருந்தாலும் இது நடக்கும். அதனால் 'ஆள் அசையவே இல்லையே' என்று டெக்னாலஜிஸ்ட் சொல்வது பதிலாகாது.

இப்போது மென்பொருள் செய்வதைக் கவனியுங்கள். தசையின் எல்லைக் கோட்டை, அதாவது கான்டூரை, அது பிந்தைய நிமிடங்களின் கூட்டுப் படத்தில் வரைகிறது. அப்போதுதான் தசை தெளிவாகத் தெரியும். அதே கோட்டை முதல் வினாடியிலிருந்து எல்லா ஃபிரேம்களுக்கும் (அடுத்தடுத்து எடுத்த சிறு நேரப் படங்கள்) போட்டு, ஒவ்வொரு பகுதியின் கர்வையும் (டிரேசர் எண்ணிக்கை நேரத்தோடு மாறுவதைக் காட்டும் கோடு) எடுக்கிறது. ஆனால் முதல் இரண்டு நிமிடத்தில் இதயம் கீழே இருந்தது. கோடு மேலே இருக்கிறது. ஆகவே 'கீழ்ச்சுவர்' என்று வரைந்த இடம், அந்த ஆரம்ப ஃபிரேம்களில் கீழ்ச்சுவரின் மேல் அல்ல, இடது வெண்ட்ரிக்கிளின் ரத்தக் குழிக்குள் விழுகிறது. போலஸ், அதாவது ஒரே தடவையில் செலுத்திய டிரேசர், உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில் குழிக்குள் இருக்கும் ரத்தத்தில் டிரேசர் ஏராளம். தசையில் இன்னும் ஒன்றுமே சேர்ந்திருக்காது. சுவரின் தடிமனே 8 முதல் 10 மி.மீ. தான். அதில் பாதி அளவு கோடு விலகினாலும் போதும், கீழ்ச்சுவரின் கர்வ் பாதி ரத்தக் கர்வாக மாறிவிடும். எதிர்ப்பக்கத்தில் முன்சுவரின் கோடு சுவரைத் தாண்டி நுரையீரல் பக்கமாக விழுந்து, ஆரம்ப எண்ணிக்கையை இழக்கும். அதனால் ஆர்.சி.ஏ. ஏறுவதோடு சில சமயம் எல்.ஏ.டி. கொஞ்சம் இறங்கியும் வரும். உங்கள் 2.4-ஐயும் அதனால்தான் முழுசாக நம்பிவிட வேண்டாம்.

'ரத்தக் கசிவைத்தான் மாடலே கழித்துவிடுமே' என்று கேட்கலாம் (மாடல் என்பது கர்விலிருந்து கே1-ஐக் கணக்கிடும் சமன்பாடு). கழிக்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு பகுதியிலும் ரத்தத்தின் பங்கு இவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணை மாடல் வைத்துக்கொள்கிறது. ஸ்கேனின் ஆறு நிமிடமும் அது மாறாது என்பது அனுமானம். க்ரீப் வந்தால் முதல் நிமிடத்தில் அந்தப் பங்கு 0.6, நான்காவது நிமிடத்தில் 0.2 என்று மாறும். ஒரே எண்ணால் இரண்டையும் சமாளிக்க முடியாது. மிச்சத்தை ஃபிட் (மாடலைக் கர்வோடு பொருத்துவது) வேறு வழியில் ஈடுகட்டும்: கே1-ஐ ஏற்றி, கூடவே வெளியேறும் வேகமான கே2-வையும் ஏற்றிவிடும். சட்டென்று உள்ளே போய்ச் சட்டென்று வெளியே வரும் தசையும் ரத்தமும் கர்வில் ஒன்று போலத்தான் தெரியும். ஆகவே ஒரு பகுதியில் கே1, கே2 இரண்டும் சேர்ந்து வழக்கத்துக்கு மேல் இருந்தால் அதுவும் ஒரு தடயம்.

இதற்கு மேல் ரூபிடியத்துக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. ஓட்டம் கூடக்கூடத் தசை பிடிக்கும் விகிதம் குறைகிறது. ஆகவே கே1 ஓட்டத்தைவிட மெதுவாகவே ஏறும்; கே1-இலிருந்து ஓட்டத்துக்குப் போகும்போது பிழை, ஓட்டம் குறைவானாலும் கூடுதலானாலும், பெருகும். மேலே சொன்ன அதே மாறிலிகளை வைத்துப் பார்த்தால், ஓட்டம் 3 இருக்கும் இடத்தில் கே1-இல் 10 சதவீதப் பிழை ஓட்டத்தில் சுமார் 15 சதவீதமாகிறது; ஓட்டம் 1 இருக்கும் ரெஸ்ட்டில் அதே 10 சதவீதம் 19-ஐ ஒட்டிப் போகிறது. ரெஸ்ட்டில் அசைவு குறைவு என்பதால் தப்பிக்கிறோமே தவிர, அங்கே அசைவு வந்தால் சேதம் சின்னதில்லை. ரெஸ்ட் ஓட்டம் பொய்யாக ஏறினால் ஃப்ளோ ரிசர்வ் (ஸ்ட்ரெஸ் ஓட்டத்தை ரெஸ்ட் ஓட்டத்தால் வகுத்தது) பொய்யாக இறங்கும், ஆரோக்கியமான ஆளுக்கு நோய் இருப்பதாகப் போய்விடும்.

ஸ்ட்ரெஸ் பிழை அதைவிட ஆபத்தானது. 5.2 என்று வந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். உண்மையான ஓட்டம் 1.4 ஆக இருந்து, க்ரீப் அதை 2.6 ஆக ஏற்றிவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. வலது கரோனரியில் இருக்கும் அடைப்பு அழகான ஒரு எண்ணுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். எண் விகாரமாக இருந்தால் மட்டும் ஃபிரேம்களைத் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு கேஸிலும் பார்க்க வேண்டும்.

க்ரீப் போக இன்னும் சில அசைவுகள் உண்டு. இதயத் துடிப்பால் வால்வுத் தளம் ஒவ்வொரு துடிப்பிலும் 12 முதல் 15 மி.மீ. வரை முனையை நோக்கி வந்து போகிறது, சுவரும் தடித்து மெலிகிறது. டைனமிக் ஃபிரேம்களைத் துடிப்போடு சேர்த்து கேட்டிங் (துடிப்பின் கட்டம்வாரியாகப் பிரிப்பது) செய்வதில்லை. அவ்வளவு எண்ணிக்கையும் கிடைக்காது. ஆகவே படம் எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மங்கல் ரெஸ்ட்டிலும் ஸ்ட்ரெஸ்ஸிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே மாதிரி. ரத்தப் பங்கு என்ற எண்ணும் பார்ஷியல் வால்யூம் (மெல்லிய சுவரின் எண்ணிக்கை மங்கிக் குறைவது) திருத்தமும் அதைப் பெருமளவு விழுங்கிவிடும். சாதாரண மூச்சசைவும் அப்படியே: சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இதயம் மேலும் கீழும் போகிறது, சராசரியாகிவிடுகிறது. அன்றாட வேலையில் துடிப்பைப் பற்றிக் கவலைப்படுவது வீண் என்பதே என் கணிப்பு. கணக்கைக் கெடுப்பது ஸ்கேனின் நடுவில் ஒரு முறை மாறும் இடம்: க்ரீப், இருமல், தோள்வலிக்குக் கையை இறக்குவது, பேசுவதற்குத் தலையைத் திருப்புவது. இவற்றிலும் எப்போது அசைந்தது என்பதுதான் எவ்வளவு அசைந்தது என்பதைவிட முக்கியம். முதல் இரண்டு நிமிட ரத்தக் கட்டத்தில் 5 மி.மீ. விலகினால் ஓட்டம் தாறுமாறாகும். தசைக் கட்டத்தில், அதுவும் நான்காவது நிமிடத்தில், அதே 5 மி.மீ. அவ்வளவாகப் பாதிக்காது, அங்கே கர்வ் ஏற்கெனவே தட்டையாகிவிட்டது, பக்கத்தில் ரத்தமும் காலி.

பக்கவாட்டு அசைவு வந்தால் பாதிக்கும் பகுதி மாறும். ஆரம்ப ஃபிரேம்களில் இதயம் நோயாளியின் இடது பக்கமாக விலகி இருந்தால், இடைச்சுவரின் கோடு வலது வெண்ட்ரிக்கிளின் ரத்தத்தில் விழும். அங்கே போலஸ் இடது பக்கத்தைவிடச் சில வினாடி முன்னதாகவே வந்துவிடும். இடைச்சுவரின் கர்வில், இடது ரத்தக் கர்வின் உச்சத்துக்கு முன்னாலேயே ஒரு சின்ன முகடு தெரிந்தால் இதுதான் காரணம்.

ரத்தக் கர்வையும் மறக்க வேண்டாம். அதை எடுக்கும் சிறிய ஆர்.ஓ.ஐ. (படத்தில் குறித்துக்கொள்ளும் இடம்), வழக்கமாக மைட்ரல் வால்வுத் தளத்தை ஒட்டி, குழிக்கும் இடது ஏட்ரியத்துக்கும் இடையில் இருக்கும். இதயம் விலகி அந்த ஆர்.ஓ.ஐ. பாதி தசையில் உட்கார்ந்தால் உச்சம் குட்டையாகும். வகுக்கும் எண் சின்னதானால் விடை பெரிதாகும்: மூன்று பகுதியிலும் ஓட்டம் ஒரே விகிதத்தில் பொய்யாக ஏறும். இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். போலஸ் உச்சத்தில் எண்ணிக்கை தாங்காமல் டிடெக்டர் திணறினாலும் இதே விளைவுதான். உச்சம் வெட்டுப்பட்டு எல்லாப் பகுதியும் ஏறும். டோஸ் அதிகமா, மெல்லிய உடல்வாகுள்ள நோயாளியா, உச்சத்தின் முனை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பகுதி மட்டும் ஏறினால் முதல் சந்தேகம் அசைவின் மேல். எல்லாம் சேர்ந்து ஏறினால் ரத்தக் கர்வின் மேல்.

இப்போது கைவேலை. பல இடங்களில் வழங்கும் ஃபிரேம் பிரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 5 வினாடியில் 14, 10 வினாடியில் 6, 20 வினாடியில் 3, 30 வினாடியில் 3, கடைசியாக 90 வினாடியில் ஒன்று, மொத்தம் 6 நிமிடம் 10 வினாடி. முதலில் எந்தத் திருத்தமும் இல்லாமல் ஓட்டத்தைக் கணக்கிட்டுச் சேமித்துவிடுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும். பிந்தைய கூட்டுப் படத்தில் கான்டூர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக அடிப்பகுதியில். வால்வுத் தளத்தைத் தாண்டிக் கோடு ஏட்ரியத்துக்குள் போயிருந்தால் மேற்கொண்டு செய்வதெல்லாம் வீண்.

அப்புறம் கடைசி ஃபிரேமிலிருந்து பின்னோக்கி வாருங்கள். முன்னிருந்து தொடங்குவது பொதுவான தவறு. முதல் ஃபிரேம்களில் தசையே தெரியாது, எதை எதோடு பொருத்துவது? கடைசி ஃபிரேமில் தசை தெளிவாக இருக்கும், கோட்டோடு பொருந்தும். அதற்கு முந்தையதை அதோடு பொருத்துங்கள், இப்படியே ஒவ்வொன்றாக. ஆக்ஸியல், கரோனல், சஜிட்டல் மூன்று பார்வையிலும் பார்க்க வேண்டும். க்ரீப் ஆக்ஸியலில் தெரியாது, கரோனலிலும் சஜிட்டலிலும்தான் தெரியும். 2 நிமிடத்தைத் தாண்டிப் பின்னே போகப் போகத் தசை மங்கி, குழி ஒளிரத் தொடங்கும். அந்த இடத்தில் அடையாளத்தை மாற்றுங்கள்: இனி தசையைக் கோட்டோடு பொருத்துவதல்ல, ரத்தக் குழியைக் கோட்டின் உள்விளிம்புக்குள் நடுவாக வைப்பது. குழி கோட்டைத் தாண்டிக் கீழ்ப்பக்கமாக வழிந்து நின்றால் அந்த ஃபிரேமைத் தலைப்பக்கமாக நகர்த்துங்கள். க்ரீப் என்றால் இந்த நகர்வு ஒழுங்காக இருக்கும்: 90-வது வினாடியில் 3 மி.மீ., 60-இல் 6, 40-இல் 8 என்பது போல. ஒரு ஃபிரேமில் 8, அடுத்ததில் 2, மறுபடி 9 என்று குதித்தால் நீங்கள் இரைச்சலைத் துரத்துகிறீர்கள் என்று பொருள்.

மிக ஆரம்ப ஃபிரேம்களில் வலது வெண்ட்ரிக்கிள் மட்டுமே ஒளிரும். இங்கேதான் தானியங்கித் திருத்தம் அடிக்கடி ஏமாறும்: ஒளிரும் ஒரே உருண்டையைப் பார்த்துவிட்டு, வலது குழியை இழுத்து இடது கோட்டுக்குள் வைத்துவிடும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பக்கவாட்டு நகர்வு எங்காவது தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த ஃபிரேம்களைத் தனித்தனியாகத் தொடாமல், இடது குழி தெளிவாகத் தெரியும் முதல் ஃபிரேமுக்குக் கொடுத்த அதே நகர்வை அவற்றுக்கும் கொடுத்துவிடுவது பாதுகாப்பானது.

முடித்ததும் மறுபடி கணக்கிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள். ரத்தக் கர்வின் உச்சம் கூர்மையாக, ஒற்றையாக இருக்கிறதா? கீழ்ச்சுவரின் கர்வில் ஆரம்ப முகடு இறங்கியிருக்கிறதா? ஃபிட் கோடு புள்ளிகளை ஒட்டிப் போகிறதா? ஓட்டத்தின் படமும் அப்டேக் படமும் இப்போது ஒரே கதையைச் சொல்கின்றனவா? உங்கள் கேஸில் ஆர்.சி.ஏ. 2.5-ஐ ஒட்டி வந்து மற்றவையும் அதன் பக்கத்தில் நின்றால் வேலை முடிந்தது. எண்கள் சமமாகும் வரை ஃபிரேம்களை நகர்த்திக்கொண்டே போகாதீர்கள். அது அளவீடல்ல, ஜோடனை. படத்தைப் பார்த்து நகர்த்த வேண்டும், எண்ணைப் பார்த்து அல்ல. ஒரே ஆளுக்குச் சில நிமிட இடைவெளியில் இருமுறை அளந்தாலே சுமார் 10 சதவீத வேறுபாடு வருவது இயல்பு. ஆகவே 1, 2 மி.மீ. விலகலுக்காக மல்லுக்கட்ட வேண்டியதில்லை; பெரும்பாலான படங்களில் ஒரு பிக்ஸலே 2 முதல் 4 மி.மீ. இருக்கும்.

இந்தத் திருத்தத்தால் ஆகாதவையும் உண்டு. 90 வினாடி ஃபிரேமுக்குள்ளேயே ஆள் அசைந்தால் அந்த மங்கலை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. லிஸ்ட் மோடில் (ஒவ்வொரு எண்ணிக்கையும் நேரத்தோடு பதிவாகும் முறை) சேமித்திருந்தால் அந்த ஃபிரேமைச் சின்னதாக உடைத்து மறுபடி ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யலாம், அதாவது பதிவிலிருந்து படத்தை மீண்டும் உருவாக்கலாம். ஆனால் ரூபிடியத்தின் அரை ஆயுள் 76 வினாடி. ஆறு நிமிடத்தில் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். ரொம்பவும் உடைத்தால் இரைச்சலைத் தவிர ஒன்றும் தெரியாது. உடம்பு உருண்டு திரும்பியிருந்தாலும் நகர்த்துதல் மட்டும் போதாது.

இன்னொன்று சி.டி. அட்டென்யூவேஷன் திருத்தம், அதாவது உடம்புக்குள் தொலையும் ஃபோட்டான்களை சி.டி. படத்தை வைத்து ஈடுகட்டுவது. இது தனிப் பிரச்சினை, ஆனால் அசைவோடு பின்னிப் பிணைந்தது. சி.டி. ஒரு மூச்சின் ஒரு கணத்தைப் பிடிக்கிறது. பெட் பல நிமிடச் சராசரி. இரண்டும் பொருந்தாமல் முன்பக்கச் சுவர் சி.டி.யில் நுரையீரல் இருக்கும் இடத்தில் விழுந்தால் திருத்தம் குறைவாகப் போகும். 511 கே.இ.வி. ஃபோட்டானுக்கு மென்திசுவின் குறைப்புக் கெழு செ.மீ.-க்கு 0.096, நுரையீரலுக்கு சுமார் 0.03. ஒரு கோட்டில் 4 செ.மீ. தசையை நுரையீரல் என்று நினைத்துக்கொண்டால் அந்தக் கோட்டின் எண்ணிக்கை 23 சதவீதம் குறைவாக வரும். 2007-இல் ஹூஸ்டனில் லான்ஸ் கோல்டின் குழு 259 நோயாளிகளைப் பார்த்ததில் 103 பேருக்கு, அதாவது 40 சதவீதம் பேருக்கு, இந்தப் பொருத்தமின்மையால் போலிக் குறைபாடு வந்திருந்தது. ஆகவே ஃபிரேம் திருத்தத்துக்கு முன்பே பெட்–சி.டி. பொருத்தத்தைப் பாருங்கள். ரெஸ்ட்டுக்கும் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்; ஸ்ட்ரெஸ்ஸில் இதயத்தின் இடமே வேறு. விலகல் இருந்தால் சி.டி.யை நகர்த்தி மறுபடி ரீகன்ஸ்ட்ரக்ட் செய்யுங்கள். ரீகன்ஸ்ட்ரக்ட் செய்த ஃபிரேம்களை அப்புறம் எவ்வளவு நகர்த்தினாலும் இந்தப் பிழை அவற்றுக்குள்ளேயே இருக்கும். கூடவே கைகள்: சி.டி.க்குப் பிறகு கை நகர்ந்திருந்தால் ஸ்கேட்டர் (சிதறிய ஃபோட்டான்) திருத்தம் அளவு தப்பிப் போய், படத்தில் இருண்ட பட்டை விழலாம். ரூபிடியம் வெளிவிடும் 776 கே.இ.வி. காமா அதை இன்னும் மோசமாக்கும்.

எல்லாக் கணக்கு முறையும் அசைவுக்கு ஒரே அளவில் பணிவதில்லை. இதுவரை சொன்னது ஒற்றைத் திசு மாடலுக்கு. ஹூஸ்டனின் ஹார்ட்ஸீ மென்பொருள் பயன்படுத்தும் எளிய ரிடென்ஷன் முறை, ஆரம்ப இரண்டு நிமிடத்தை ரத்தத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, தசைக்குப் பிந்தைய படத்தை மட்டும் எடுக்கிறது. கீழ்ச்சுவரின் ஆரம்பக் கர்வ் அங்கே கணக்கிலேயே வராததால், க்ரீப் ஆர்.சி.ஏ.-வை இப்படி ஏற்றாது. ரத்த ஆர்.ஓ.ஐ. விலகும் ஆபத்தும் சி.டி. பொருத்தமும் மட்டும் அங்கேயும் உண்டு. ரூபிடியம் தரும் ஜெனரேட்டர் இல்லாமல் சைக்ளோட்ரான் வைத்திருக்கும் இடங்களில் நைட்ரஜன்-13 அம்மோனியா ஓடும். அதன் பிடிப்பு விகிதம் கூடுதல், ஆகவே கே1-இலிருந்து ஓட்டத்துக்குப் போகும்போது பிழை அவ்வளவு பெருகாது. அரை ஆயுள் 10 நிமிடம் என்பதால் பிந்தைய ஃபிரேம்களும் தெளிவு. ஆனால் கோடு ரத்தத்தில் விழுந்தால் விழுந்ததுதான். ஆக்ஸிஜன்-15 தண்ணீரில் ஓட்டத்தைப் பெரும்பாலும் கழுவிச் செல்லும் வேகத்திலிருந்து எடுப்பதால் துடிப்பின் மங்கல் கிட்டத்தட்டப் பாதிக்காது. ஆனால் தசை தனித்துத் தெரியும் பிந்தைய படம் என்று ஒன்று அங்கே இல்லை. அசைவைக் கண்ணால் பிடிப்பது கடினம், மேலே சொன்ன அப்டேக் சோதனையும் செல்லாது.

வராமல் தடுக்க முடிந்ததை டெக்னாலஜிஸ்ட்தான் செய்ய வேண்டும். முழங்காலுக்கு அடியில் தலையணை, கைக்கு உறுதியான தாங்கல், ஸ்கேனுக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வருவது. இவை போக மிக முக்கியமானது, மருந்து ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு கனக்கும், ஒரு சில நிமிடத்தில் அடங்கிவிடும் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. சொல்லாவிட்டால் அந்த நேரத்தில் நோயாளி பயந்து தலையைத் தூக்குவார், பேசுவார், சரியாக போலஸ் உள்ளே வரும் வினாடிகளில். 'எப்படி இருக்கு?' என்ற கேள்வியையும் இரண்டு நிமிடம் தள்ளிப்போட்டு, கண்ணும் மானிட்டரும் பார்த்துக்கொள்ளலாம். 'நன்றாக மூச்சு இழுங்கள்' என்று சொல்லவே கூடாது.

ரிப்போர்ட்டில் என்ன போடுவது என்ற கேள்விக்கு: திருத்திய எண்ணைப் போடுங்கள், அசைவுத் திருத்தம் செய்தது என்றும் எந்தத் திசையில் அதிகபட்சம் எத்தனை மி.மீ. என்றும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை அதே நோயாளி வரும்போது ஒப்பிடுபவருக்கு அது தேவைப்படும். திருத்திய பிறகும் அப்டேக் படமும் ஓட்டமும் முரண்பட்டால், அந்தப் பகுதியின் ஓட்டம் நம்பத்தக்கதல்ல என்று எழுதி எண்ணை விட்டுவிடுங்கள். மொத்தச் சராசரியைப் போட்டுத் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், 5.2 அந்தச் சராசரிக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. அப்டேக் படம், கேட்டிங்கில் வந்த, ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் பங்கான எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன், சி.டி.யில் தெரியும் கரோனரி கால்சியம் இவற்றை வைத்து ரிப்போர்ட் முடிக்கலாம். ஓட்டம் கட்டாயம் தேவைப்படும் கேஸ் என்றால், உதாரணமாக மூன்று குழாயிலும் நோய் இருக்குமோ என்ற சந்தேகம் என்றால், வேறொரு நாளில் ஸ்ட்ரெஸ்ஸை மறுபடி எடுப்பதுதான் வழி.